கிரேக்கு பாஸ்டர் கேட்ட கேள்வி

மண்ணூரில் தமிழ்வாணனுக்கு இரண்டு பெயர். சபையின் பெயர்ப்பலகையில் ‘பாஸ்டர் சாமுவேல் தமிழ்வாணன்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி டீக்கடையில் வழி கேட்டால் தலையைச் சொறிவார்கள். ‘கிரேக்கு பாஸ்டர்’ என்று கேட்டுப் பாருங்கள், டம்ளரைக் கீழே வைக்காமலே கையைக் காட்டுவார்கள்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை, மனிதர் பாடுபட்டுத் தேடிக்கொண்டது. எந்தப் பிரசங்கமானாலும் கொஞ்ச நேரம்தான் தமிழில் போகும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இத மூல பாஷையில, கிரேக்குல பாத்தோம்னா...” என்று ஆரம்பித்துவிடுவார். உடனே முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடுவார்கள். ஜெபத்தில் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்தவர்கள், தூங்குகிறார்கள் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவர் முழுநேர ஊழியக்காரர் இல்லை. ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மிஷினிலிருந்து வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றால் ரீவொர்க்குக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து, “லோடு வண்டி நிக்குதுப்பா, போட்டு வுடு” என்று கெஞ்சினாலும் அளக்காமல் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார். இந்த விஷயத்தில் கம்பெனியில் அவருக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

பிறந்தது மண்ணூரிலேயே ஒரு விவசாயக் குடும்பத்தில். ஸ்ரீபெரும்புதூரில் ஜோதியைப் பெண் பார்க்கப் போனபோதுதான் முதன்முதலாக ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் காலை வைத்தார். பெண் பார்க்க வந்த பிள்ளை பைபிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மாமியார் இன்றைக்கும் கேலி செய்கிறார். கிரேக்கு ஆசை பிற்பாடு வந்தது. சென்னையில் ஒரு வேதாகமக் கல்லூரி சனி ஞாயிறுகளில் வகுப்பு நடத்தியது. கம்பெனி டிராயிங்கில் மைக்ரான் என்கிற அளவுக்குப் போடுகிற எழுத்து கிரேக்க எழுத்து என்று முதல் நாள் தெரிந்ததுமே, பாதி பாஷை வந்துவிட்டதாகத் தைரியம் கொண்டார். மீதிப் பாதி லேசில் வரவில்லை. ஒரு தடவை பரீட்சையில் கோட்டை விட்டு, அடுத்த தடவை எப்படியோ தேறினார். கம்பெனி பஸ்ஸில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஜெர்மன் மிஷின் மேனுவல் போலிருக்கிறது என்று திரும்பிக்கொள்வார்.

சுவிசேஷங்களில் அவருக்கு உயிர், சுகமாக்கும் கதைகள்தான். அதைப் பற்றி அவர் சொல்வதில் விஷயமும் இருந்தது. விசுவாசம் என்பதற்கு மூலத்தில் இருக்கிற வார்த்தை, பல்லைக் கடித்துக்கொண்டு மனசை முறுக்குவதைச் சொல்லவில்லை, ஒருவரை நம்புவதைச் சொல்கிறது என்பார். “கம்பெனி பஸ் வரும்னு ரோட்டோரம் நிக்கிறோம் இல்ல, அதுதான்.” வியாதிக்காரனைப் பார்த்து, உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகமாகவில்லை என்று இயேசு ஒரு இடத்திலும் சொல்லவில்லை என்பார். சீஷர்களால் ஒரு பையனைச் சுகப்படுத்த முடியாமல் போனபோது திட்டு வாங்கினது சீஷர்கள்தான், பையன் இல்லை. இதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அருமையாகப் பிரசங்கித்திருக்கிறார். பிரசங்கித்துவிட்டு வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டார், அதுதான் சங்கடம்.

ஜோதிக்கு முடக்குவாதம். முழங்கால், மணிக்கட்டு, விரல் எல்லாம் காலையில் வீங்கிக் கிடக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, லேசான ஒரு அலுமினியக் கைத்தடியை ஊன்றி நடந்தாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். பாஸ்டரம்மாவுக்கே இன்னும் சுகம் கிடைக்கவில்லையே என்று சபையில் ஒரு பேச்சு அவ்வப்போது கிளம்பும். அவள் காதிலும் விழும். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை ஜோதி.

அப்படி இருக்கும்போதுதான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சகோதரர் மாரிராஜ் என்பவர் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடத்த வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் நீர் வழிய மற்றவர்களுக்காக ஜெபிக்கிறவர். ஆனால் ஜெபித்த கையோடு பலனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. கடைசி நாள் சாயங்காலம், முதல் வரிசையில் இருந்த ஜோதியின் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“எந்திரிங்கம்மா. கம்ப கீழ போடுங்க. ஏன் தயங்குதீய? விசுவாசம் இருக்கா, இல்லியா?”

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஜோதி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். அவள் தடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் நடந்தாள், திரும்பியும் வந்தாள். கைதட்டலில் கூரையே அதிர்ந்தது. அந்தச் சமயத்தில் அவளுக்கு வலி தெரியவில்லை என்பது சத்தியம். உண்மையாகவே சுகமாகிவிட்டது என்று நம்பி, அவளும் அழுதாள். தமிழ்வாணனும் அழுதார்.

மாரிராஜ் கைத்தடியை எடுத்துக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டார். அடுத்த ஊர்க் கூட்டத்தில் சாட்சியாகக் காட்ட வேண்டுமாம். ஜோதி நடந்த வீடியோ வாட்ஸ்அப்பில் மண்ணூரிலிருந்து கிளம்பி ஸ்ரீபெரும்புதூர், வல்லம், ஒரகடம் என்று ஷிப்ட் பஸ் போகிற இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை. தமிழ்வாணனுக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையிலேயே ஜோதியின் முழங்கால் பழையபடி வீங்கிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெடிக்கல் ஷாப்பில் புதுத் தடி வாங்கினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வெளியே கிளம்பும்போது ஒரு நீளக் குடையை எடுத்துக்கொண்டாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளிலும் பாஸ்டரம்மா குடையோடு போவதைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். மாத்திரையைச் சேமியா பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள். தமிழ்வாணன் ஒரு நாள் டீத்தூள் தேடும்போது அதைப் பார்த்தார். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பேசாமல் வந்துவிட்டார். சுகம் ஆரம்பித்துவிட்டது, போகப்போக முழுசாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம்தான் உண்மையில்.

வீடியோவைப் பார்த்துச் சபைக்கு வந்தவர்களில் ஒருத்தி மரகதம். அதே ஊர்க்காரி, குடும்பத்துக்கு முன்பு ஏரிக்கரையில் நிலம் இருந்தது. இப்போது ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு வாராவாரம் செவ்வாய்க்கிழமை போய்வந்தவள், இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். முருகனுக்கும் கோபம் வரக் கூடாது, இயேசுவும் கைவிடக் கூடாது என்று நினைக்கிற நல்ல மனசு. ஜோதி மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கிய தமிழ்வாணனை மரகதம் ரோட்டில் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. காலில் கட்டு பெரிதாகியிருந்தது.

“பாஸ்டரு, ஒரு சந்தோஷமான சமாச்சாரம். அக்கா கொம்பத் தூக்கிப் போட்ட மாதிரி, நானும் மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேன். போன வாரமே வுட்டுட்டேன். அக்காவுக்கு ஆனது எனக்கு ஆவாதா இன்னா?”

“ஸ்தோத்திரம்” என்றார் தமிழ்வாணன்.

பழக்க தோஷம். யார் எதைச் சொன்னாலும் வாய் அதைத்தான் சொல்லும். மரகதம் பூரித்துப்போய் நொண்டி நொண்டிப் போய்விட்டாள். அவள் தெரு திரும்பிய பிறகுதான், தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு உறைத்தது. அங்கேயே ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே போய்ப் புத்தகத்தைத் திறந்தார். மறுநாள் பிரசங்கத்துக்கு மாற்கு சுவிசேஷத்தில் வரிசைப்படி பெத்சாயிதா என்கிற ஊரின் குருடன் கதை. எத்தனையோ தடவை படித்ததுதான். குருடனைச் சிலர் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்ணில் உமிழ்ந்து, கையை வைக்கிறார். பிறகு, ஏதாவது தெரிகிறதா என்று அவனைக் கேட்கிறார்.

தமிழ்வாணன் அந்த வரியில் நின்றுவிட்டார். விசுவாசம் என்கிற வார்த்தை இந்தக் கதை முழுவதிலும் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். மத்தேயுவும் லூக்காவும் இந்தக் கதையை எழுதாமல் விட்டார்கள் என்பதும் தெரியும், பரீட்சையில் வந்த கேள்வி. ஆனால் கையை வைத்தவரே நின்று கேட்டார் என்பதை இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை. அந்த மனிதனும் அல்லேலூயா போடவில்லை. ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரம் நடப்பதுபோல் தெரிகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி கையை வைத்தார், அதன்பிறகே அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

இது ரீவொர்க் இல்லையா? அளந்து பார்த்து, சரியில்லை என்று தெரிந்து, மறுபடி வேலை செய்திருக்கிறார். இயேசுவுக்கே அதில் வெட்கம் இல்லை. கம்பெனியில் ஒரு சின்ன வளையத்தைக்கூட அளக்காமல் விடாத நான், என் பெண்டாட்டிக்கு அளக்காமலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேனே என்று நினைத்தவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார்.

ஜோதி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“ஜோதி, கால் எப்டி கீது?”

அவள் நிமிரவில்லை. “பாஸ்டரு கேக்கறாரா, எங்க வூட்டுக்காரரு கேக்கறாரா?”

“உன் வூட்டுக்காரன்தான்.”

“வலிக்குதுங்க.” கத்தியைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு சாயங்காலம் மட்டும் தெரியல. மறுநாளே வந்துடுச்சி. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்துகினே இருந்தேன். கேக்கவே இல்ல.”

“மாத்திரைய பாத்தேன்.”

“பாத்தீங்கன்னு எனக்கும் தெரியும். சேமியா பாக்கெட்ட நான் கவுத்து வெச்சிருந்தேன், நீங்க நிமித்தி வெச்சிட்டுப் போயிட்டீங்க. திருடனுக்குக்கூட இதவிட ஜாக்கிரத இருக்கும்.” சொல்லிவிட்டு அழுதாள். “எனக்கு வலிகூட பெருசில்ல. வலிக்கலன்னு நடிக்கணும் பாருங்க, அதான் முடியல.”

அவர் அவளுடைய வீங்கிய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மரகதம் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னார். தன் வாயிலிருந்து ஸ்தோத்திரம் வந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

ஜோதி அழுகையை நிறுத்திவிட்டாள். “ஐயோ, அந்தப் புண்ண வெச்சிகினா? போன எடுங்க.”

மரகதம் போனை எடுத்ததும் ஜோதி சுற்றி வளைக்கவில்லை. எனக்குச் சுகமாகவில்லை, நான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் உடனே போடு என்றாள். அந்தப் பக்கம் மரகதம் சிரித்தாள்.

“போக்கா. என் விசுவாசத்த சோதிச்சுப் பாக்கறியா? பாஸ்டரே ஸ்தோத்திரம் சொல்லிட்டாரு. நீ நடந்தத நான் வீடியோல பாத்துகினேதான கீறேன்.” வைத்துவிட்டாள்.

தமிழ்வாணன் மறுபடி கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அவர் சொன்னதையும் சோதனை என்றே சொல்லிவிட்டாள். நேரில் போகலாம் என்று அவர் எழுந்தபோது ஜோதி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“வூட்டுக்குப் போனாலும் இதேதான் சொல்லுவா. எல்லாருக்கும் முன்னாடி நடந்தது, எல்லாருக்கும் முன்னாடிதான் சொல்லணும். நாளைக்கு சாட்சி நேரத்துல என்ன கூப்புடுங்க. இப்ப கேட்டீங்களே, அத அங்க கேளுங்க.”

“சபை கலைஞ்சிடும் ஜோதி.”

“கலையட்டும். நீங்க கேப்பீங்களா, மாட்டீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கத்துக்கு மேல் இருந்தது. தமிழ்வாணன் பெத்சாயிதா கதையை வாசித்தார். மூல பாஷை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என்னமோ ஏதோ என்று முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். தேவன் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்ததும் ஜோதியைக் கூப்பிட்டார். அவள் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். இப்போதே சிலர் அல்லேலூயா சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இவ்வளவு நேரம் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டிய கேள்வியை அவர் தன் வாயால் கேட்க வேண்டும். பதில் என்னவென்று தெரிந்தே கேட்க வேண்டும். ஜோதி காத்திருந்தாள். இன்றைக்கும் கேட்காமல் விட்டால் அவள் இனி எப்போதும் தன்னிடம் எதையும் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“ஜோதி, இப்ப எப்படி இருக்கு? வலிக்குதா?”

“வலிக்குது” என்றாள். “ரொம்ப வலிக்குது. அன்னிக்கு ஒரு சாயங்காலம் வலிக்கல, அதுக்கு தேவனுக்கு நன்றி. மறுநாள்லருந்து வலிக்குது. நான் மாத்திரைய வுடவே இல்ல. யாரும் வுடாதீங்க.”

கீபோர்டு வாசிக்கிறவர் பதறிப்போய் ஒரு பாட்டை ஆரம்பித்தார். தமிழ்வாணன் கையைக் காட்டி நிறுத்தினார். அவிசுவாசம் என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“அவிசுவாசம் இல்லைங்க” என்றார் தமிழ்வாணன். “அரைகுறையாத்தான் தெரியுதுன்னு சொன்னவன யேசு விரட்டல. இவ அவரையும் நம்பினா, என்னையும் நம்பினா. நான்தான் கேக்காம இருந்துட்டேன். மரகதத்துக்கும் தப்பான பதில் சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

ஒரு குடும்பம் எழுந்து போனது. இன்னொரு குடும்பமும் போனது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. போகாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து மரகதம் எழுந்து, நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்துத் தமிழ்வாணன் இரண்டு அடி முன்னே போய் நின்றார்.

“இன்னாக்கா இது?” என்றாள் மரகதம். “உன்ன நம்பித்தான நான் வந்தேன். நீ நடக்கறன்னுதான வந்தேன். மாத்திரைய குப்பையில போட்டுட்டேனே, பாவி.”

“என்ன நம்பி மாத்திரைய தூக்கிப் போடாத, மரகதம். உன் கால பாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன்.”

“நீ ஒண்ணும் வர வேணாம். என் மூஞ்சியிலயே முழிக்காத.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். ஆராதனை முடிகிற வரைக்கும் நின்றுகொண்டேயிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. எப்போதும் பாஸ்டரம்மாவைச் சுற்றி நிற்கிற பெண்கள் இன்றைக்கு அவளைக் கடந்து போய்விட்டார்கள். வெயில் கொளுத்திய ரோட்டில் ஜோதி குடையை ஊன்றி இறங்கினாள். வாசற்படியில் தடுமாறியபோது, பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தவள் மரகதம்தான். கொடுத்துவிட்டு வாயை மூடினாளா என்றால் இல்லை. எத்தனை பேருக்கு இந்த வீடியோவை அனுப்பினேன், எங்கள் சூப்பர்வைசரம்மாவுக்குக்கூட அனுப்பினேன், இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன் என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஜோதி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பைபிள்களையும் பைகளையும் சுமந்துகொண்டு தமிழ்வாணன் பின்னால் வந்தார். படித்த கிரேக்கு எல்லாம் இருக்கட்டும், இவர்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பதே போதும் என்று அவருக்கு இருந்தது.

பாதி வழியில் மரகதத்தின் திட்டு நின்றது. ஜோதி மூச்சு வாங்குவதை அவள் கவனித்திருந்தாள்.

“இன்னாக்கா, வலிக்குதா?”

“வலிக்குது.”

“அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நில்லு. எனக்கும்தான் கால் வலிக்குது. செத்த நின்னுட்டுப் போலாம்.”

ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக யார் யாரோ பார்த்தார்கள். மரகதம் ஜோதியின் கையிலிருந்து குடையை வாங்கி, விரித்து, இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டாள். ஜோதி அவள் மேல் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றாள்.